இரைச்சலும் இணக்கமும்

ஊரிலே குடியிருப்பவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. அயலானின் தூக்கத்தைத் தன் கூத்தினாற் கெடுத்தலாகாது என்பது ஒன்று. அயலானின் கூத்தினால் தன் தூக்கம் கெடாதவாறு தன் வீட்டின் கதவையும் சாளரத்தையும் ஓரளவு செப்பமாக வைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது மற்றொன்று. மின்கருவிகளுக்கும் இவ்விரு கடமைகளே விதிக்கப்பட்டுள்ளன என்றால் இலக்கியம் பயில்வோர் வியப்படையக்கூடும். ஒரு கருவி வெளிவிடும் மின்காந்த அலைகள் பக்கத்துக் கருவியைக் குழப்பாமலும், பக்கத்துக் கருவியின் அலைகளால் தான் குழம்பாமலும் தொழிற்படுமாறு அமைப்பதற்கென்றே பொறியியலில் ஒரு தனிப் பிரிவு வளர்ந்திருக்கிறது. அதனை மின்காந்த இணக்கவியல் என்று ஈண்டு அழைப்பேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பாடநூல்கள் இரண்டு அலைகள் ஒன்றன்மேலொன்று படிவதைத் தலையீடு என்றும், ஒரு பொருளின் அதிர்வுக்கு இசைந்து இன்னொன்று அதிர்வதைப் பரிவு என்றும் கூறும். பரிவு என்ற சொல்லை முதலில் எடுத்தாண்டவர் யாராயினும், அவர் பௌதிகத்தையும் தமிழையும் ஒருங்கே நேசித்தவராதல் வேண்டும். வேண்டாத அலையொன்று புகுந்து கருவியைக் கெடுப்பதை ஆங்கிலர் தலையீட்டுக்குரிய அதே சொல்லாற் சுட்டுவர். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. அதனை இடையூறு என்று பிரித்துச் சொல்லலாம்.

வானொலிப் பெட்டி மேல்நாட்டு வீடுகளிற் குடிபுகுந்த காலத்திலேயே இத்துறைக்கு வித்தூன்றப்பட்டது. மின்விசையால் ஓடும் வண்டிகளும் மோட்டர்களும் தெறிக்கவிட்ட பொறிகள் பாட்டைக் கெடுத்தன. அதற்கு ஒரு வரம்பு காண 1934இல் பாரிஸ் நகரிற் சர்வதேசக் குழுவொன்று கூடியது. 1957இல் அமெரிக்க வானொலிப் பொறியியலாளர்கள் இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். பாட்டுக் கெடுவது மட்டுமே நட்டம் என்று எண்ணியிருந்தோரை 1967 ஆம் ஆண்டு திடுக்கிடச் செய்தது. வியட்நாம் கடற்பரப்பில் நின்ற ‘பொரெஸ்டல்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலில், விமானமொன்றின் மின்வழங்கலை மாற்றிய கணத்தில் எழுந்த மின்னெழுச்சியால் உந்துகணையொன்று எவரும் ஏவாமலே பாய்ந்தது. மூண்ட தீயில் 134 பேர் மாண்டனர். பின்னர் 1989இல் ஐரோப்பிய நாடுகள் சட்டமியற்றின. 1996 முதல் இணக்கம் காட்டாத கருவி அங்கே சந்தைக்கு வருதல் இயலாதாயிற்று.

இதற்கும் பனையும் புகையிலையும் விளையும் நம் குடாநாட்டுக்கும் என்ன உறவு என்று வினவுவோர்க்கு மூன்று பெயர்களைச் சொல்வேன்.

முதலாமவர் கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர். கேம்பிரிட்ஜிலே டிராக்கிடம் பயின்ற இவ்யாழ்ப்பாணத்துத் தமிழர் 1943இல் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார். வேகம் மாறும் இலத்திரன் அலைகளைப் பரப்பும். பரப்புகின்ற அச்செயலே அதனைத் திருப்பித் தாக்கும். அத்தாக்கத்தை டிராக் வகுத்த சமன்பாட்டின்படி கணக்கிட்டால், கருவை நோக்கி நேரே விழும் இலத்திரன் கருவிற் சென்று சேர்வதில்லை. இடைவழியிலே திரும்பிக் கட்டுக்கடங்காமல் ஓடிவிடுகிறது! பழைய கொள்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. அயலானுக்குச் செய்யும் இடையூறு கிடக்கட்டும், தன் அலையே தனக்கு இடையூறாகும் கதையல்லவா இது? எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாவுக்கும், 1968இல் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, 2001இற் காலமானார்.

மற்றை இருவரும் உடன்பிறந்தோர்: இரத்தினஜீவன் ஹூலும் இரத்தினமகிலன் ஹூலும். இரத்தினஜீவன் பரியோவான் கல்லூரியில் தொடங்கிக் கட்டுபெத்தையிலும் இலண்டனிலும் பயின்று, 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வின் சாரத்தை எளிய முறையிற் சொல்ல முயல்கிறேன். வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் ஓர் உலோகத்தைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தை ஒரே சூத்திரத்தில் அடக்குதல் இயலாது. தோட்டக்காரர் காணியைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோல் அவ்வெளியைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எளிய கணக்கைச் செய்து, வரம்புகளிலே ஒன்றோடொன்று பொருத்தினால் முழுப்புலமும் கிடைக்கும். இம்முறையைக் கண்டவர் அவரல்லர். இந்த வடிவத்துக்கு என்ன புலம் என்று கேட்பதை விடுத்து, இந்தப் புலம் வேண்டுமாயின் என்ன வடிவம் என்று கேள்வியைத் தலைகீழாக்கிக் கணினிக்கு விடை காணக் கற்பித்தவர்களுள் அவர் முன்னணியில் நிற்கிறார். 1989இல் வெளிவந்த அவரது நூல் இப்பொருள் பற்றியதே. உலக மின்னியற் பொறியியலாளர் சங்கம் 1995இல் அவரைத் தன் மதிப்புறு அங்கத்தவராக்கியது.

சகோதரர் இருவரும் 1987இற் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையொன்று மின்னலைப் பற்றியது. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் வானத்தைக் கிழிக்கும் மின்னலில் ஏறத்தாழ 30,000 அம்பியர் ஓட்டம் மைக்கிரோசெக்கன் கணக்கில் உச்சத்தை எட்டும். அது நேரே விழவேண்டியதில்லை. தொலைவில் விழுந்தாலும் அதிலிருந்து பரவும் புலம் நீண்ட மின்கம்பியிலே மின்னழுத்தத்தைத் தூண்டி, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைச் சுட்டுவிடும். அந்தப் புலத்தைக் கணிக்கும் வழியே அவர்கள் ஆராய்ந்தது. இணக்கவியலின் மிகப் பழைய பகைவன் மின்னல்தான்.

மூவரும் பெரும்பணி செய்த இடங்கள் கடல்களுக்கு அப்பாலுள்ளவை. இரத்தினஜீவன் 2006இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமனம் பெற்றார். அச்சுறுத்தல் காரணமாகப் பொறுப்பேற்க இயலாமலே நாட்டை விட்டு நீங்கினார். அக்காலத்து அரசியலை ஆராய இது இடமன்று. ஆயினும் மின்காந்தவியலில் உலகறிந்த ஒருவர் நம் பல்கலைக்கழகத்தின் தலைவாயில் வரை வந்து திரும்ப நேர்ந்ததை எண்ணும்போதெல்லாம் ஆசிரியனாகிய என் மனம் நோகிறது.

ஏட்டில் இல்லாத இணக்கவியல் ஒன்றும் நம்மிடையே இருந்தது. 1990இற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. உலர்மின்கலம் தடைசெய்யப்பட்ட பண்டமாயிற்று. செய்தி கேட்கும் வேட்கை மட்டும் தடைப்படவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவினால் வானொலி இயக்கிய காட்சியை அக்காலத்தவர் மறவார். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளை இணைத்தால் ஓட்டம் ஒருதிசைப்படும், ஆனால் அலைபாயும். பெட்டி செய்தியைச் சொல்லாமல் முரலும். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய பெரிய கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே வைத்ததும் முரல்வு அடங்கித் தமிழோசை தெளியும். என்னிடம் பயின்ற பையன்கள் சிலர் சூத்திரம் அறியாமலே, எந்தக் கொள்ளளவிக்கு எவ்வளவு முரல்வு அடங்கும் எனக் காதாற் சொல்லும் வல்லமை பெற்றிருந்தனர். மேல்நாட்டு ஆய்வுகூடத்தில் வடிகட்டி என்று கற்பிக்கப்படுவது இதுவே.

அந்த இருண்ட இரவுகளில் இன்னொரு புதுமையும் நிகழ்ந்தது. தெருவிளக்கு இல்லை, மின்மோட்டர் இல்லை, குழல்விளக்கு இல்லை. மனிதன் உண்டாக்கும் வானொலி இரைச்சல் ஊரைவிட்டே போய்விட்டது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாசும் அக்கரைத் திருச்சியும் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோற் கேட்டன. அவ்வளவு தூய வானத்தை இப்போது பெறவேண்டுமாயின், உலோகச் சுவரெழுப்பி, உள்ளே அலையுறிஞ்சும் கூம்புகளைப் பதித்துப் பெரும்பொருட் செலவில் அறை கட்டவேண்டும். சென்னைத் தரமணியிலே ‘சமீர்’ என்னும் இந்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. நம் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடம் வாய்த்திருக்கிறது. அங்கே இத்துறை வேரூன்ற வேண்டும் என்பதே என் அவா.

ஏனெனில் இரைச்சல் திரும்பிவிட்டது, முன்னிலும் பெருகிவிட்டது. எல்.ஈ.டி. மின்குமிழ், கைப்பேசி மின்னேற்றி, கூரைமேற் சூரியக்கலத்தோடு வரும் இன்வேர்ட்டர் யாவும் ஓட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுபவை. 100 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் வெட்டும் கருவி 600, 700, 800 என அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். அவையோ மத்திய அலைவரிசையின் நடுவே விழுகின்றன. உட்புகும் கம்பியில் ஒரு சுருளும் இரண்டொரு கொள்ளளவியும் வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். மலிவுப் பண்டம் செய்வோன் முதலிற் கைவிடுவது அவற்றைத்தான். விளக்கு அவை இல்லாமலும் எரியுமே!

அளவுகருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அலை கேட்கும் சிறு வானொலி ஒன்று போதும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, எரியும் குமிழின் அருகே கொண்டுசெல்லுக. இரைச்சல் எழும். பின் மெல்ல விலகிச் செல்லுக. சில அடிகளில் அடங்கினால் அலை குமிழிலிருந்தே நேரே பரவுகிறது. குமிழை விட்டு விலகியும், சுவரிலுள்ள மின்கம்பியின் வழியே போகும்போது இரைச்சல் கூடவே வந்தால், குற்றம் கம்பிக்குள் இறங்கிவிட்டது. வீட்டின் கம்பி முழுவதும் வான்கம்பியாய் நின்று ஒலிபரப்புகிறது. ஐந்தாறு வகைக் குமிழ்களை இவ்வாறு சோதித்து, எது எத்தனை அடியில் அடங்குகிறது என்று ஒரு கொப்பியிற் குறித்துவைக்கப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.