கூரை முதல் கடைக்கால் வரை – 11: ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது?

பழைய வீட்டில் புதிதாக ஆர்.சி.சி.பி. மாட்டினால் பல நேரம் அன்று மாலையே அது விழுந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, "பழைய வயரிங்குக்கு இதெல்லாம் செட் ஆகாது சார்" என்று சொல்லி, அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிட்டுப் போவார். விளக்கு எரியும், ஃபேன் ஓடும், வீட்டாருக்கும் நிம்மதி. இந்த ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அந்தக் கருவி ஓயாமல் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஃபேஸ் வழியே போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்பிவிட்டதா? 30 மில்லி ஆம்பியர் திரும்பாவிட்டாலும் அது எங்கோ கசிகிறது: ஈரச் சுவரில், கிரைண்டர் உடம்பில், அல்லது ஒரு மனிதர் மேல். உடனே சப்ளையைத் துண்டித்துவிடும். எம்.சி.பி.யால் இது ஆகாது. ஈரக் கையோடு ஃபேஸைத் தொட்டவர் உடம்பில் 100, 200 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். உயிர் போக அது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு 40 வாட்ஸ் பல்பு எரிகிற மாதிரிதான், அசையாது. எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

அப்படியானால் பழைய வீட்டில் அது ஏன் விழுகிறது? கும்பகோணத்தில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். முற்றம் வைத்த வீடு, கொல்லையில் கிணறு. வந்திருந்த வயர்மேன் பொறுமைசாலி. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். கூடம், சமையலறை, மாடி எல்லாம் சரி. கிணற்றடி விளக்கைப் போட்டதும் டப்பென்று விழுந்தது.

"இந்த லைட் எத்தனை வருஷமா எரியுது மாமி?"

"கிணத்தடி லைட்டா? அது எப்பவும் நன்னா எரிஞ்சிண்டுதானே இருக்கு!"

அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். உள்ளே அந்த விளக்கின் நியூட்ரல் என்றோ அறுந்து, கறுப்பு வயர் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. யாரோ புது வயர் இழுக்கச் சோம்பி, பல்பின் மறுமுனையைப் பக்கத்தில் போன எர்த் கம்பியில் முறுக்கிவிட்டிருந்தார்கள். பல்பு குறையில்லாமல் எரிந்திருக்கிறது. ஆனால் அதே எர்த் கம்பியில்தான் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் கட்டப்பட்டிருந்தன. எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறும் நாளில், அந்த பல்பின் இழை வழியாகவே ஃபேஸ் வந்து ஃபிரிட்ஜ் கைப்பிடியில் நின்றிருக்கும். விளக்கு எரியாது, ஃபிரிட்ஜைத் திறப்பவருக்கு ஷாக். ஆர்.சி.சி.பி. அன்று அந்த வீட்டில் மூன்று முறை விழுந்து சொன்னது இதைத்தான். அதைக் கழற்றிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி அந்த எர்த். பழைய வீட்டுக்காரர்கள் எல்லோருமே "எங்க வீட்டுல எர்த் இருக்கு" என்பார்கள். எங்கே என்று கேட்டால், கார் நிறுத்துமிடத்து டைல்ஸின் அடியில் என்று பதில் வரும். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவே ஜி.ஐ. குழாய் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வந்த குழி அது. தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் மூடியபின் மண் காய்கிறது, கிளாம்ப் துருவேறுகிறது. இன்னும் சில வீடுகளில் எர்த் கம்பியை அந்தக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளம்பர் வந்து பி.வி.சி. குழாய் மாற்றிய அன்று அந்த வீட்டின் எர்த் போய்விட்டது. எலக்ட்ரீஷியனுக்கு யாரும் சொல்லவில்லை.

எர்த் உயிரோடு இருந்தாலும் தனியாக அதை நம்ப முடியாது. குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். ஹீட்டரின் உடம்பில் 230 வோல்ட் ஃபேஸ் பட்டால் மண்ணுக்குள் போவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது, ஹீட்டர் உடம்பில் ஃபேஸ் அப்படியே நிற்கும். நல்ல எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து இருந்தால், ஆள் தொடும் முன்பே லைன் போய்விடும். எர்த்தைச் சோதிக்க 100 வாட்ஸ் பல்பைப் போட்டுக் காட்டுவார்கள். அரை ஆம்பியர்கூட இழுக்காத பல்பு, சுமாரான எர்த்திலும் பளிச்சென்று எரியும். எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

பீங்கான் ஃபியூஸ் கேரியர் இன்னும் இருக்கிற வீடுகள் ஏராளம். கேரியரில் தவறில்லை, அதில் கட்டும் கம்பியில்தான் வினை. ஃபியூஸ் வயர் கைக்கு அகப்படாதபோது 3/22 வயரிலிருந்து ஒரு இழையை உரித்துக் கட்டிவிடுகிறோம். அந்த ஒற்றை இழை உருக 40 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதற்குள் சுவரில் ஓடும் வயரின் உறை வெந்துவிடும். இன்னொன்று: சில பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் இருக்கும். அது போனால் விளக்கு அணையும், கரண்ட் இல்லை என்று ஹோல்டரில் கை வைப்போம், ஃபேஸ் அப்படியே இருக்கும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே இதைக் கூடாது என்றன. பார்த்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

வயரைப் பற்றிச் சுருக்கமாக. பைக்காரா 1932லும் மேட்டூர் 1937லும் மின்சாரம் தரத் தொடங்கியதை ஒட்டி வயரிங் கண்ட வீடுகளில் மர ரீப்பரில் ரப்பர் வயர் ஓடும். ஃபேன் கொக்கி அருகே அதை லேசாக வளைத்தால் ரப்பர் பொடியாக உதிரும். அதில் ஒட்டுவேலை பயன்படாது, முழுதும் மாற்றத்தான் வேண்டும். பிற்காலத்து வீடுகளில் அலுமினிய வயர் இருந்தால், செம்போடு முறுக்கிய இணைப்புகளை முதலில் பாருங்கள். சூடேறிக் கருகுவது அங்கேதான். ஆறு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ என 2 ஆம்பியருக்காக இழுத்த லைன் அது. இன்று 2000 வாட்ஸ் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் கேட்கிறது. கீசருக்கும் ஏ.சி.க்கும் போர்டிலிருந்தே தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுங்கள். பிளக் பாயின்ட்டுக்கு 2.5, விளக்குக்கு 1.5.

சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் மட்டும் காடி வெட்ட விடாதீர்கள். வெட்டிய இடத்தில் சிமென்ட் அடைத்தால் சுவர் அங்கிருந்து உரியத் தொடங்கும். வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, பி.வி.சி. கேசிங்கில் ஓட்டுங்கள்.

பணம் ஒரேயடியாகப் புரளாது என்றால் முதலில் புது எர்த் குழியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும். அடுத்து சமையலறை, குளியலறை லைன்கள். மற்றவை அடுத்த வருஷம் ஆகட்டும். அதுவரை அந்தக் கருவி விழும்போதெல்லாம் எந்த சுவிட்சைப் போட்டபோது விழுந்தது, மழை பெய்ததா என்று ஒரு தாளில் குறித்து போர்டு பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். வயர்மேனுக்குப் பாதி வேலை மிச்சம்.

(தொடரும்)