கனகராயன் ஆற்றுத் தண்ணீரும் சுண்டிக்குளத்துப் பறவைகளும்

வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கே ஓடும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தை நிரப்பியபின் மிஞ்சிய தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் சுண்டிக்குளம் கடல்நீரேரி. கிளிநொச்சி மக்களுக்கு இரணைமடு என்றால் நெல். கார்த்திகை, மார்கழியில் வான்கதவு திறந்தாயிற்றா என்று விசாரிக்காத கமக்காரர் இல்லை. அதே தண்ணீரை நம்பித்தான் ஆயிரக்கணக்கான பறவைகள் கீழே இறங்குகின்றன.

மாரியில் ஆற்று வெள்ளம் கலந்ததும் ஏரியின் உப்புக் குறையும், நீர்ப்பூண்டு தழைக்கும். வடக்குக் குளிரிலிருந்து தப்பிவரும் ஊசிவால் வாத்துகளுக்கு அது விருந்து. தை பிறந்து மழை ஓய, தண்ணீர் வற்றி சேற்றுத்தரை வெளிப்படும். அப்போது கருவால் மூக்கன், உள்ளான், பவளக்காலி எல்லாம் அலகால் சேற்றைக் கிளறிப் புழு தேடும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் மீனுக்குச் சுற்றும்.

வருகிறவர்களின் கண் முதலில் தேடுவது பூநாரையைத்தான். அது இரைதேடும் விதமே தனி. நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேற்பகுதி கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் வைக்கும். நாக்கு பம்பு போல் வேகமாக இயங்கித் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ள, அலகோரத்து மெல்லிய தகடுகளில் பாசியும் சிற்றுயிர்களும் தங்கிவிடும். அந்த உணவிலுள்ள நிறமிகளே இறகைச் சிவப்பாக்குகின்றன. சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம் பறவைகள். பெரிய உடம்பு என்பதால் நீரில் சில எட்டு ஓடித்தான் எழும்பும். அருகில் போய்க் கலைத்தால், பாடுபட்டுச் சேர்த்த சக்தி அந்த ஓட்டத்திலேயே வீணாகும். நல்ல படம் ஒன்றுக்காக அதைச் செய்வது கொடுமை.

சுண்டிக்குளம் 1938-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015-இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இடையில் 2004 ஆழிப்பேரலையும் 2009 வரையான போரும் இக்கரையைச் சிதைத்தன. இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு இந்த ஏரி மீனும் இறாலும் தரும் வயிற்றுப்பாடு. பூங்கா எல்லை தங்கள் காணியையும் தொழிலையும் விழுங்கிவிடுமோ என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அவர்களை வெளியே நிறுத்தி வேலி போட்டால் பறவைக்குக் காவல் கிடைக்காது; கரையில் இரவும் பகலும் இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஏரிக்கரையை மட்டும் காத்தாலும் போதாது. மேலே ஆற்றுப்படுகையில் மணல் அள்ளினால் கரை இடியும், ஓட்டம் மாறும். வயல் மருந்தும் தண்ணீரோடு கீழேதான் வரும்.

பார்க்கப் போகிறவர்கள் தை முதல் மாசி வரை, காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. வனஜீவராசிகள் திணைக்களத்தினரிடம் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். போர் நடந்த மண் என்பதால் பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். தூரநோக்கி இருந்தால் கரையிலிருந்தே போதிய அளவு தெரியும். ட்ரோன் பறக்கவிடாதீர்கள், கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டையும் மீனையும் அந்த ஊரவர்களிடமே வாங்குங்கள்.