அரிசி மூட்டையும் நச்சு மாத்திரையும்

துவாரகாவின் அடுக்கு வீடுகளில் அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கும் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. வடநாட்டார் 'சல்பாஸ்' என வழங்கும் வண்டு மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு என்னும் கூட்டுப்பொருளாகும். காற்றின் ஈரம் பட்டதுமே அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஏறத்தாழ 1 கிராம் வாயுவை உமிழும். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்கொள்ளாதவாறு தடுத்து, அவ்வாயு இருதயத்தைத் தளரச் செய்யும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

தானியக் கிடங்குகளில், அரசாங்க வல்லுநர் மேற்பார்வையில் கையாளத்தக்க பொருள் இது. குளிருக்காகச் சாளரம் அடைத்த வீட்டிலோ உறங்குவோர் உயிரையே பறிக்கக்கூடும். பூண்டு அல்லது அழுகிய மீனின் நாற்றம் எழுந்தால் அனைவரும் உடனே வெளியேறுக. மாத்திரையின்மேல் நீர் ஊற்றலாகாது. நாற்றம் இல்லையெனில் வாயுவும் இல்லையென்று எண்ணற்க. வீட்டு அரிசிக்குக் காய்ந்த வேப்பிலையும் இறுக மூடிய கலமும் போதும்.