கோடை விடுமுறையும் ஓலைக் கொட்டானும்

பரீட்சை முடிந்ததும் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு கவலை: 12, 13 வயதுப் பிள்ளையைப் பகல் முழுவதும் என்ன செய்வது? கல்லாவில் உட்கார வைத்தால் சலித்துப் போகிறான். வீட்டில் விட்டால் செல்போன்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் கோடையில் மாணவர்களுக்குக் கைவினைப் பயிற்சிகள் நடத்தியிருக்கிறது. வள்ளியூரிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? இங்கேயே ஒரு மண்டபத்தில், காலை 10 முதல் மாலை 4 வரை ஐந்து நாள் நடத்தலாம். பொருளுக்குப் பஞ்சமில்லை, சுற்றிலும் பனைதானே.

குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, லேசாக நனைத்து முடைய வேண்டும். அகலம் பிசகினால் அடிப்பாகம் கோணிவிடும். அவிழ்த்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். சிறுவர்களுக்குக் கிலுகிலுப்பை போதும். கத்தி பிடிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கே கொட்டான். சொல்லித்தர, முடைகிற பெண்களையே அழையுங்கள். டியூஷன் மாஸ்டருக்குக் கொடுப்பதில் குறைக்காமல் கொடுங்கள்!

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கருப்பட்டிக்கும் மிட்டாய்க்கும் கொட்டான் தேவை. ஆகவே, பிள்ளைகள் முடைந்ததையே சரக்காக்கும் ஆசை வரும். கூடவே கூடாது. 14 வயது நிரம்பாத பிறர் பிள்ளையை வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். பிள்ளை முடைந்தது அவன் வீட்டுக்குப் போகட்டும். கடைக்கு வேண்டியதை அந்தப் பெண்களிடம் உரிய விலைக்கு வாங்குவோம்.

ஓலை காய நாள் பிடிக்கும். சித்திரையில் முகாம் என்றால் பங்குனியிலேயே சொல்லி வைக்க வேண்டும்.