கல்லறையா, தாழியா?

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைப் பக்கம் கடும்பாறை தலைநீட்டி நிற்க, கிழக்கே அரியலூரை நெருங்கும்போது பழங்கடலின் படிவுகளான சுண்ணாம்புக்கல்லும் களியும் தொடங்கிவிடுகின்றன. காலடியில் கிடைப்பது பாறையா களிமண்ணா என்னும் இத்தகைய வேறுபாடு, இரும்புக்கால மக்கள் இறந்தோரை அடக்கம் செய்த முறையிலும் பங்கு வகித்திருப்பதைத் தமிழகத்தின் ஈமக்காடுகள் காட்டுகின்றன.

கல் நிறைந்த கொங்கு நாட்டில், நொய்யல் கரைக் கொடுமணலில், பலகைக் கற்களை நிலத்துக்குள் நாற்புறமும் நிறுத்தி மூடுகல் வைத்த அறைகள் உண்டு; இவை கற்பதுக்கைகள் எனப்படுகின்றன. மேலே மண்ணும் சிறுகல்லும் குவித்து, சுற்றிலும் பாறைகளை அடுக்கியது கல்வட்டம். பக்கப் பலகையில் குடைந்த வட்டத் திறப்பு இடுதுளையாகும். பெருங்கற்களை மனிதர் புரட்டியிருக்க இயலாது என்று கருதிய ஊரார் இவற்றைப் பாண்டவர் குழி என்றழைத்தனர்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர்ப் பரம்பு முழுவதும் தாழிகளே மிகுதி. 1876இல் யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த இவ்விடம் சரளை மேடு என்பதால், மண் ஒன்றே முறையை முடிவு செய்தது என்பதும் மிகையாகும். பெரும்பாலும் கூர்ந்த அடியுடைய தாழிக்குள் உடலையோ, தசை அழிந்தபின் திரட்டிய எலும்புகளையோ வைத்து, உடன் சிறுகலங்களையும் இரும்புக் கருவிகளையும் இட்டனர். அக்கலங்களில் பல உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்திருக்கும். கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்துக்குக் காற்று எட்டாமையே இதற்குக் காரணம் என்பர். கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டும் பாடல் புறநானூற்றில் 256ஆவதாக உள்ளது.

கடல் கடந்தால், இலங்கைத் தீவுக்குள்ளேயே இம்முறைகள் எல்லாம் காணப்படுகின்றன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பதுக்கைகள்; மேற்குக் கரையோரப் பொம்பரிப்பில் தாழிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில் 1980இல் வெளிப்பட்ட மனிதருக்கோ பலகைக்கல்லும் இல்லை, தாழியும் இல்லை. உடலை நீட்டிக் கிடத்தி, கலங்களோடு புதைத்திருந்தனர். ஆனால் அக்குழியில் கிடைத்த சிறு வெண்கல முத்திரையில், மேல் வரியில் குறியீடுகளும் கீழ் வரியில் பிராமி எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன.