சூரியனை ஆராய உலோகத்தை ஏன் சுட வேண்டும்? ஆதித்யா காட்டும் மூன்று படிப்புகள்

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பியபோது தென்காசி மாவட்டத்துக்கே பெருமை. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். இதே மாவட்டத்தில், சங்கரன்கோவிலில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவிக்கு ‘நானும் இஸ்ரோவுக்குப் போகணும்’ என்று ஆசை வந்தால் எதைப் படிப்பது? வான் இயற்பியலா, மெக்கானிக்கலா, உலோகவியலா? ஆதித்யாவின் பயணத்தைப் பிரித்துப் பார்த்தால், மூன்றும் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது புரியும்.

சூரியனில் என்ன புதிர்?

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே இருக்கும் ‘கரோனா’ படலத்திலோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையணும். இங்கே தலைகீழாகக் கூடுகிறது. இதற்கான காரணத்தைத் தேடுவது ஆதித்யாவின் முக்கிய வேலைகளில் ஒன்று. அதிலுள்ள ஏழு கருவிகளில் கரோனாவைப் பார்க்கும் பெரிய கருவியை உருவாக்கியது பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளியுள்ள எல்1 பகுதிக்கு 2024 ஜனவரி 6-ல் ஆதித்யா போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் கிரகணம் மறைக்காது.

எஞ்சின் என்ன செய்தது?

ஆதித்யாவைச் சுமந்தது பிஎஸ்எல்வி ராக்கெட். நான்கு அடுக்குகள், முதலும் மூன்றும் திட எரிபொருள், இரண்டும் நான்கும் திரவ எரிபொருள். நான்காவது அடுக்குதான் விண்கலத்தைச் சரியான பாதையில் விடுகிறது. எரிந்து, அணைந்து, மறுபடி எரிய வேண்டும். அதன் பிறகு விண்கலம் தன் சொந்த எஞ்சினை இயக்கி எல்1 நோக்கிப் போனது. ராக்கெட்டின் திரவ எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே மகேந்திரகிரியில் இருக்கிறது.

உலோகம் எங்கே வருகிறது?

எரிந்த வாயு வெளியேறும் மணி வடிவக் குழாய்க்கு ‘நாசில்’ என்று பெயர். அங்கே 1,150 டிகிரி வரை சூடு தாங்க வேண்டும். தங்கம் 1,064 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பு அந்தச் சூட்டில் உருகாது. ஆனால் கொல்லன் உலையில் பார்த்திருப்பீர்கள், பழுத்த இரும்பை நினைத்தபடி வளைக்கலாம். நாசில் வளையக் கூடாது.

அதனால்தான் நான்காவது அடுக்குக்கு நியோபியம் கலந்த ‘கொலம்பியம் சி-103’ என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்தினார்கள். அதை வெளிநாட்டிலிருந்து வாங்கணும், விலையும் அதிகம். கொடுப்பவர் நிறுத்தினால் ராக்கெட்டும் நிற்கும்.

இதற்கு மாற்றாக, கோபால்ட்டுடன் குரோமியம், நிக்கல், டங்ஸ்டன், இரும்பு சேர்ந்த ‘ஸ்டெல்லைட்’ கலவையில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் நாசிலை உருவாக்கியது. 2025 ஏப்ரலில் மகேந்திரகிரியில் 665 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள், தேறியது. செலவில் சுமார் 90 சதவீதம் மிச்சம் என்கிறது இஸ்ரோ.

இன்னொரு வழியும் சோதிக்கப்பட்டுள்ளது. கார்பன் இழைகளால் ஆன நாசிலை 2024-ல் இதே மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்தனர். எடை 67 சதவீதம் குறைவதால், பிஎஸ்எல்வி கூடுதலாக 15 கிலோ சுமக்க முடியும். ஒரு அறிவியல் கருவிக்கு 15 கிலோ என்பது பெரிய இடம்.

மாணவர்கள் கவனிக்க

விண்வெளி என்றதும் ஏரோஸ்பேஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நிகர் ஷாஜி படித்தது எலெக்ட்ரானிக்ஸ். உலோகவியல் படிப்பு திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, கோவை பிஎஸ்ஜி போன்ற இடங்களில் இருக்கிறது. கவுன்சலிங்கில் ‘இது என்ன படிப்பு?’ என்று தாண்டிப் போகும் முன், அந்த நாசிலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.