சைலன்சர் சத்தத்தை விழுங்குமா?

சினிமாவில் சைலன்சர் மாட்டிய துப்பாக்கி ‘புஸ்’ என்பதோடு அடங்கிவிடும். அது சினிமாப் புளுகு. அமெரிக்காவின் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற இந்தக் குழாய், சீறி வரும் வாயுவை அடுக்குத் தடுப்புகளில் சுழலவிட்டுத் தணிக்கிறது; 160 டெசிபல் வெடியோசை 130 வாக்கில் இறங்கும், அவ்வளவுதான். அப்படியிருக்க, இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தத் துணைக்கருவியையே துப்பாக்கி என்ற வரையறைக்குள் சேர்த்திருப்பது மிகையா? வேட்டைக்காரரின் செவியைக் காக்கும் என்று நார்வேயில் அனுமதிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே வேட்டை சட்டப்படியானது. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. விளைச்சலைக் காக்கப் பன்றியை விரட்டுகிறோம் என்றால், விரட்டுவதே வெடிச் சத்தம்தானே! ஜவ்வாது மலைக் காட்டில், கருமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்த நாட்டுத் துப்பாக்கி இரவில் வெடித்தால், வனக்காவலருக்கு அந்த ஓசையே முதல் தடயம். அதைத் தணிக்கும் கருவிக்குச் சட்டம் இடம் கொடுக்காதது சரியே. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருந்தால், அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.